பிளாஷேனா லாஸ்னேயில் தூங்கிய நாள்

மூன்றாம் மாடி பிளாஷேனா மாமியாரைப் படுக்கையில் போட்டுவிட்டு எவனோ ஒருவனோடு லாஸ்னே என்கிற ஊற்றுநீர்க் குளியல் ஊருக்கு ஓடிவிட்டாள் என்று இந்தக் கட்டடத்தில் பேசுகிறார்களே, அது பொய். அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மே மாதத்துப் புதன்கிழமை காய்கறிக் கடை வாசலில் வாழைப்பழத்துக்காக வரிசையில் நின்றவர்கள். தங்களுக்கு முன்னால் யார் நின்றாள், எத்தனை மணி வரைக்கும் நின்றாள் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசுகிறார்கள். யாரோ ஓர் ஆள் இருந்தானாம். இருந்தால் காட்டுங்கள் பார்க்கலாம். ஏழு வருஷம் ஓர் இரவுகூட முழுதாகக் கண் மூடாதவளுக்கு ஆண் துணையா கேட்கும்? தலையணை கேட்கும்.

அவளைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலிலிருந்து பேச வேண்டும்.

பதினாறு வயதில் அவள் சொகோலோவ் நிலக்கரிச் சுரங்கத்தின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சுரங்கத்துக்காரர்கள் கழற்றிப் போடுகிற சட்டை, கால்சட்டை எல்லாம் ஈரத்தில் ஓர் ஆள் கனம். அவற்றைத் தூக்கித் தூக்கி அவள் தோள் ஆண்பிள்ளைத் தோள்போல ஆகிவிட்டது. இருபத்திரண்டில் அலோய்ஸைக் கட்டிக்கொண்டாள். அவன் கரி லாரி ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டுப் படியில் உருண்டதில்லை. ஆனால் வீட்டு வேலை என்பது கடிகாரம்போலத் தானாக ஓடுகிற ஒன்று என்று நினைத்திருந்தான். யார் சாவி கொடுக்கிறார்கள் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. குழந்தை ஒன்று உண்டாகி ஐந்தாம் மாதத்தில் போயிற்று. பிறகு இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரையும் கேட்கவும் விட்டதில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயதாகும்போது மாமியார் ஹெர்மினா அம்மாளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போயிற்று. பத்துப் பதினைந்து சொற்கள் மிஞ்சின. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். பகலில் மட்டுமா? இரவிலும்தான். பிளாஷேனா சலவைக்கூடத்தை விட்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு வருஷம். அந்தக் கிழவியின் முதுகில் ஒரு செந்தழும்புகூட வரவில்லை.

அலோய்ஸின் தங்கை யின்ட்ரா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், கேக் கொண்டுவருவாள், கால் மணி நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், பிறகு கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு கிளம்புவாள். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நிறம்கூட வந்திருக்கு," என்று போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். நிறம் எப்படி வந்தது என்று கேட்கமாட்டாள்.

மாதம் ஒருமுறை வட்டார நர்ஸ் வந்து பார்ப்பாள். ஒருநாள் அவள் உள்ளே வரும்போது பிளாஷேனா ஒற்றை ஆளாக மாமியாரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கையால் தூக்கவில்லை. அடியில் மடித்துப் போட்ட துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் கொடுத்து, ஒரே இழுப்பு. கிழவி முனகக்கூட இல்லை. நர்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை, ஈரத் துணி மூட்டையை இப்படித்தான் திருப்புவோம் என்றாள் பிளாஷேனா. நோயாளிகளை ஊற்றுநீரில் குளிப்பாட்டுகிற குளியல் விடுதிகளில் இப்படிப்பட்ட கைக்குத் தவம் கிடக்கிறார்கள், அங்கே பணிப்பெண்ணாகச் சேர மாலை வகுப்பு நடக்கிறது, ஒன்பது மாதம், போய்ச் சேர் என்று நர்ஸ் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் மறுமுறை வரும்போது விண்ணப்பத்தாளையும் கொண்டுவந்தாள்.

நாற்பத்து மூன்று வயதில் பிளாஷேனா மாணவியானாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் அலோய்ஸ் வீட்டில் இருக்க, அவள் போய்ப் படித்தாள். இரண்டு வாரம் தாங்கமாட்டாள் என்று அவன் நினைத்தான். போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும், அங்கே கணப்பாவது நன்றாக எரியும் என்று கட்டடத்தில் எல்லோரிடமும் சிரித்தான். அவளோ எலும்புகளின் பெயரை மாமியாரின் கால்மாட்டில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிச் சொல்லி உருப்போட்டாள். வகுப்பில் தூக்கம் வரும்போது காப்பிக்கொட்டையை வாயில் போட்டு மெல்லுவாள். பக்கத்து இருக்கையில் ராட்கா என்று ஒரு சின்னப் பெண், பத்தொன்பது வயது. அவள்தான் ஒருநாள், இந்த வயதில் உங்களுக்கு எதற்கக்கா இந்தப் பாடு என்று கேட்டாள்.

"மணி அடிச்சா முடியுற வேலை ஒண்ணு வேணும்," என்றாள் பிளாஷேனா. "அவ்வளவுதான். மணி அடிக்கணும், ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டணும், போய்ப் படுக்கணும்."

இதுதான் அவள் ஆசைப்பட்டது. வேறு ஒன்றும் இல்லை. கடைசிப் பரீட்சை லாஸ்னேயில், ஒரே நாள். தேறினால் அங்கேயே குளியல் விடுதியில் வேலை, பணிப்பெண்கள் குடியிருப்பில் ஒரு கட்டில். ஆள் பற்றாத இடம், அன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள். வேலை கிடைத்தால் யின்ட்ராவும் அலோய்ஸும் மாற்றி மாற்றி அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் இரண்டு பேரிடமும் பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நடக்காத காரியத்துக்குத் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

பரீட்சை நாளன்று மட்டும் யின்ட்ரா பொறுப்பு. காலை எட்டுக்கு வந்து, அலோய்ஸ் வருகிற நாலு மணி வரை இருக்க வேண்டும். முதல் நாளே சாவியை வாங்கிக்கொண்டாள். "நான் என்ன வேத்து ஆளா? எங்க அம்மா. நீ நிம்மதியாப் போயிட்டு வா அண்ணி," என்றாள்.

பிளாஷேனா காலையில் மாமியாரைத் துடைத்து, உடை மாற்றி, இடப்பக்கம் புரட்டிவிட்டு, தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்ட வைத்துவிட்டு, ஐந்தரைக்குக் கிளம்பினாள். ரயிலில் பரீட்சைக்குப் போகிறவர்கள் அவளோடு பன்னிரண்டு பெண்கள், மிச்ச எல்லோரும் சின்ன வயசு. மாணவிச் சீட்டை நீட்டினதும் டிக்கெட் பரிசோதகர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எத்தனாங் கிளாஸ் பாப்பா?"

"கடைசி கிளாஸ். இன்னைக்குப் பாஸாகலைன்னா உங்க ஆபீஸ்லதான் வேலை கேட்டு வருவேன்," என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஹெப் நிலையத்தில் வண்டி மாறி, எட்டரைக்கெல்லாம் பிரான்டிஷ்கோவி லாஸ்னேயில் இறங்கினார்கள். நம் ஊர் ஜன்னல் விளிம்பைத் தொட்டால் விரல் கறுக்கும். அங்கே சுவரெல்லாம் மஞ்சள், சாளரமெல்லாம் வெள்ளை, பாதையெல்லாம் பொடிக் கல். கையில் குவளையோடு ஆட்கள் நீரூற்று மண்டபத்தைச் சுற்றி மெல்ல மெல்ல நடக்கிறார்கள். ஒரு வாய் குடிப்பது, பத்தடி நடப்பது, மறுபடி ஒரு வாய். யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. பகல் எட்டரை மணிக்கு இத்தனை பேர் வேலையில்லாமல் நடப்பதைப் பார்த்ததும் பிளாஷேனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கால் கனத்தது. ராட்கா ஒரு குவளை ஊற்றுநீர் வாங்கிக்கொடுத்தாள். உப்பும் துருவும் கலந்த மாதிரி ஒரு ருசி. முழுசையும் குடித்துவிட்டாள்.

அந்தக் குளியல் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. தான் அந்தத் தண்ணீரில் படுக்காதவள் இன்னொருத்தியைப் படுக்கவைக்கக் கூடாது. அதனால் பரீட்சைக்கு வந்தவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். காலையில் ஒருத்தி படுப்பாள், மற்றவள் குளிப்பாட்டிப் போர்த்துவாள், டாக்டர் மதிப்பெண் போடுவார். மதியம் மாற்றிச் செய்ய வேண்டும். ராட்காவுக்கு ஜோடி பிளாஷேனா. வயதில் பெரியவள் முதலில் படுக்கட்டும் என்று தலைமைப் பணிப்பெண் பெபினா சொல்லிவிட்டாள். பெபினா முப்பது வருஷமாக அங்கே இருப்பவள். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், பெபினா இருப்பாள்.

வெதுவெதுப்பான தண்ணீர். கழுத்து வரைக்கும். அடியிலிருந்து வாயுக் குமிழிகள் வந்து உடம்பில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டன. கையை அசைத்தால் அத்தனையும் கிளம்பி மேலே ஓடின. அசைக்கக் கூடாது என்று ராட்கா புத்தகத்தில் உள்ளபடி கண்டிப்பாகச் சொன்னாள். பிளாஷேனா சிரித்தாள். இருபது வருஷமாகத் தன்னை ஒருத்தி குளிப்பாட்டியதில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு நிமிஷம். பிறகு எழுப்பி, அரைகுறையாகத் துடைத்து, அடுத்த அறைக் கட்டிலில் வெள்ளைத் துப்பட்டியில் கிடத்தி, கை இரண்டையும் உள்ளே விட்டு, கழுத்துவரை பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றி, மேலே கம்பளி. இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். ராட்கா மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். டாக்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "போர்வை நல்லா இருக்கு," என்று குறித்துக்கொண்டார்.

மணல் விழுந்து முடிந்தது. ராட்கா கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். பிளாஷேனா எழவில்லை. பயந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் நாடி பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. எழுப்புங்கள், மதியம் இவளுடைய முறை இருக்கிறது என்றார். அப்போதுதான் பெபினா உள்ளே வந்தாள். அடுத்து நடந்ததை ராட்கா பிறகு வரிக்கு வரி சொன்னாள்.

"எழுப்பக் கூடாது டாக்டர்."

"இருபது நிமிஷம்னு விதி இருக்கு."

"விதி உடம்பு சரியில்லாதவங்களுக்கு. இவ முகத்தைப் பாருங்க. தூக்கத்துக்கு இவ எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டு இருக்காளோ. முப்பது வருஷமாப் போர்வைல தூங்குற பொம்பளைங்களைப் பார்க்குறேன். இது மாதிரி ஒருத்தி தூங்கினா நாங்க எழுப்புறதில்ல. இந்த வீட்டு வழக்கம் அது."

பரீட்சை என்று ராட்கா இழுத்தாள். பரீட்சை இன்னொரு நாள் வரும் என்று சொல்லி பெபினா திரையை இழுத்துவிட்டாள்.

பிளாஷேனா கண் விழித்தபோது மேல்ஜன்னல் வெளிச்சம் சுவர் மாறியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. முதல் வார்த்தை, "அம்மாவைப் புரட்டணும்," என்பதுதான். பக்கத்து முக்காலியில் பெபினா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மணி மூணே கால்," என்றாள். "அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்க. வாயைத் திறந்துக்கிட்டு."

"பரீட்சை?"

"முடிஞ்சு டாக்டர் கிளம்பிட்டார். உன் கூட வந்த பொண்ணுங்களும் மூணு மணி வண்டிக்குப் போயிட்டாங்க. அந்தச் சின்னது மட்டும் போகமாட்டேன்னு அழுதுச்சு, நான்தான் துரத்தினேன்."

பிளாஷேனா அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? அவள் எழுந்து உட்கார்ந்து, ஏன் எழுப்பவில்லை என்றும் கேட்காமல், காலணியை மாட்டிக்கொண்டாள். பெபினாவே சொன்னாள்: உடம்புக்கு முடியாமல் பரீட்சையைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை இன்னொரு நாள் உண்டு, காலை ஒன்பதுக்கு வந்துவிட வேண்டும், தான் டாக்டரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அதையும் விட்டால் அடுத்த வசந்தம்தான். "வரும்போது பெட்டியோட வா. என் பக்கத்து ரூம்ல கட்டில் காலியா இருக்கு," என்றாள்.

நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அந்த இன்னொரு கதை பிறந்தது. நீரூற்று மண்டபத்துக்கு எதிரே, மீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெண்கலக் குழந்தை ஒன்று உண்டு, பிரான்டிஷெக் குட்டி என்பார்கள். பிள்ளை வேண்டுகிற பெண்கள் அதன் காலைத் தொடுவார்கள். காலையோ வேறெதையோ. தொட்டுத் தொட்டுப் பளபளவென்று ஆகிவிட்டது. பிளாஷேனாவின் காலணிக்குள் பொடிக் கல் ஏறிவிட்டது. சாய்ந்துகொள்ளக் கிடைத்தது அந்தக் குழந்தையின் கால். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் காலணியை உதறினாள். தூங்கி எழுந்த கன்னம் சிவந்து கிடந்தது. எதிர் பெஞ்சில் நம் இரண்டாம் மாடி மிலுஷே உட்கார்ந்திருந்தாள், தொழிற்சங்கச் சீட்டில் மூன்று வாரம் குளிக்கப் போயிருந்தவள்.

"இந்த வயசுலயுமா பிளாஷேனா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"என்ன பண்றது, குத்துது," என்றாள் பிளாஷேனா, கல்லை நினைத்துக்கொண்டு. வணக்கம் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினாள். மிலுஷே அன்றைக்கே எத்தனை அஞ்சலட்டை எழுதினாளோ தெரியாது.

வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. இங்கே என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். காலை எட்டு மணிக்கு யின்ட்ரா சாவியோடு கிளம்பியது உண்மைதான். தெருமுனையில் காய்கறிக் கடைக்கு வாழைப்பழ லாரி வந்து நின்றது. வருஷத்தில் இரண்டு முறை வருகிற சரக்கு. அவள் வரிசையில் நின்றாள். பத்து நிமிஷம் என்று நினைத்திருப்பாள். பதினொன்றரை ஆயிற்று. பழத்தை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுக்கப் போனாள், அங்கே சமையல், அண்ணன் முதல் ஷிப்டு, சீக்கிரம் வந்துவிடுவான் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கென்று அவனுடைய லாரி டயர் வெடித்து, அவன் வந்தது ஐந்து மணிக்கு. கிழவி குவளையை எட்டப் பார்த்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். நெற்றியில் கோழிமுட்டைபோல வீக்கம். படுக்கை நனைந்து குளிர்ந்திருந்தது.

பிளாஷேனா உள்ளே நுழைந்தபோது யின்ட்ரா சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தான் எட்டு மணிக்கே வந்ததாகவும், அண்ணி தப்பான சாவியைக் கொடுத்திருந்ததாகவும், தட்டித் தட்டிப் பார்த்துத் திரும்பியதாகவும் சொல்லியிருந்தாள். அலோய்ஸ் அம்மாவைக் கேட்டான், யின்ட்ரா வந்தாளா, கதவைத் தட்டினாளா என்று. கிழவிக்கு "வரல" என்று சொல்ல வாய் வரும். அந்தச் சொல் அவளுக்கு மிஞ்சிய பதினைந்து சொற்களில் ஒன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதைக்கூடப் பிளாஷேனா தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அலோய்ஸ் அடுத்துப் பிளாஷேனாவைக் கேட்டான்.

"எங்க இருந்த?"

"தூங்கிட்டேன்."

"எங்க தூங்கின?"

"லாஸ்னேல. குளியல் விடுதியில. பரீட்சையும் போச்சு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் இல்லாத நிறம் அதில் இருந்தது. "யாரோட?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றாமலே போய் மாமியாரைப் புரட்டினாள், படுக்கையை மாற்றினாள், நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். சிலர் சொல்கிறார்கள், பதில் சொல்லாததே குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான் என்று. உண்மையை ஒருமுறை சொல்லியாயிற்று. நம்பாதவனிடம் இரண்டாம் முறை சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

மிலுஷே ஊருக்கு வந்ததும் படிக்கட்டு முழுக்க அந்த வெண்கலக் குழந்தைதான். நாற்பத்து மூன்றில் பிள்ளை வரம் கேட்டாளாம், அது யாருடைய பிள்ளையோ தெரியாதாம், குத்துது என்று தன் வாயாலேயே சொன்னாளாம். வாழைப்பழ வரிசையில் யின்ட்ராவுக்குப் பின்னால் நின்றவர்கள் இந்தக் கதையை யின்ட்ராவோடு சேர்ந்துகொண்டே பேசினார்கள். யாராவது ஒருத்தி அலோய்ஸிடம் போய், உன் தங்கை பதினொன்றரை வரை எனக்கு முன்னால் நின்றாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாழைப்பழம் வாங்கப் போனதற்கு யாரைக் குறை சொல்வது, எல்லோரும்தானே போனோம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த ஒன்பது நாளும் அலோய்ஸ் சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை. பிளாஷேனா யின்ட்ராவிடம் போய் வெள்ளிக்கிழமை ஒருநாள் வரச் சொல்லிக் கேட்டாள். போன தடவை பட்டது போதும் என்று யின்ட்ரா கதவைப் பாதிதான் திறந்தாள். அலோய்ஸிடம் கேட்டாள். "மறுபடி அங்கயா?" என்றான், வானொலியைச் சத்தமாக வைத்தான்.

களைத்த மனுஷியால் சண்டை போட முடியாது. ஆனால் நடக்க முடியும். அவள் வட்டார நர்ஸிடம் நடந்தாள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள விடுப்பு கொடுக்கிற சீட்டு ஒன்று உண்டு, பெண்கள் எல்லோரும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வாங்குவது. அதில் அலோய்ஸ் பெயரைப் போட்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாள். நர்ஸ் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொடுத்தாள். வியாழக்கிழமை மதியம், மாமியாரைப் புரட்டிவிட்டு, அந்தச் சீட்டோடு லாரிக் கிடங்குக்குப் போனாள். வண்டி ஒதுக்குகிறவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொம்பளைங்க வாங்குற சீட்டு ஆச்சே."

"அம்மா அவருக்குத்தானே அம்மா. எனக்கு இல்லையே."

"அலோய்ஸ் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைக்கு எதிரே அலோய்ஸின் பெயரை அடித்துவிட்டு வேறொருவன் பெயரை எழுதினார். சீட்டு ஒன்பது நாளைக்குச் செல்லும், அதுக்குள்ள தங்கச்சியும் அவனும் பேசி முடிவு பண்ணிக்கட்டும் என்று அவராகவே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அலோய்ஸ் வழக்கம்போல எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். மேசையில் காப்பி இருந்தது, பக்கத்தில் அந்தச் சீட்டு. கதவருகே பெட்டி.

"இன்னைக்கு உனக்கு வண்டி இல்ல," என்றாள் பிளாஷேனா.

அவன் சீட்டைப் படித்தான். மறுபடி படித்தான். அவன் கத்துவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு இதெல்லாம் தெரியாதே," என்றான், சின்னக் குரலில்.

"வா, காட்டுறேன்."

அவனை உள்ளே கூட்டிப்போனாள். துப்பட்டியை எப்படி மடிப்பது, ஓரத்தை எத்தனை சுற்றுச் சுற்றுவது, முழங்காலை எங்கே கொடுப்பது என்று காட்டினாள். அவன் இழுத்தான். கிழவி முனகினாள். மெல்ல இழுக்கக் கூடாது, மெல்ல இழுத்தால்தான் வலிக்கும், ஒரே மூச்சில் என்று சொன்னாள். இரண்டாம் முறை சரியாக வந்தது. லாரி ஓட்டுகிறவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாள் அவள். ராத்திரியுமா என்று கேட்டான். ராத்திரியும்தான் என்றாள். அவன் அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தான்.

"எப்ப வருவ?" என்றுதான் கேட்டான்.

"பரீட்சை தேறிட்டா அங்கேயே இருப்பேன். பிப்ரவரிலயே சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டி விடுறேன். மத்த ஆறு நாளை நீயும் உன் தங்கச்சியும் பிரிச்சுக்குங்க."

"தேறலைன்னா?"

"தேறுவேன்," என்றாள். "நல்லாத் தூங்கியிருக்கேன்ல."

கோட்டை மாட்டிக்கொண்டு மாமியாரிடம் போய்க் குனிந்தாள். நெற்றி வீக்கம் வடிந்து மஞ்சள் பூத்திருந்தது. அலோய்ஸ் வாசலில் நின்றான். யின்ட்ரா அன்றைக்கு வரவே இல்லை என்று கிழவி சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பிளாஷேனா கொஞ்சம் காத்திருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் காத்திருப்பார்கள். கிழவி அவளையே பார்த்தாள், வாயைக் கோணிக்கொண்டு சொல்லைத் தேடினாள்.

"ஜன்னல்," என்றாள்.

குளிர் வந்துகொண்டிருந்தது. பிளாஷேனா போய் ஜன்னலைச் சாத்தினாள். கம்பளியைக் கிழவியின் தோள்வரை இழுத்துவிட்டாள். வண்டிக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே போனாள்.